முடிக்காத கைப்பிடி

பக்கத்து வீட்டில் பழைய ஈட்டி மரக் கட்டிலை இழைக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன், பட்டப்பகலில். நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. வீட்டில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போகிறது.

மில்லில் தச்சு வேலை முடிந்து வில்லாபுரம் வீட்டுக்கு வந்தபிறகு ஈட்டி மரத்தில் துப்பாக்கிக் கைப்பிடி செய்வது உங்கள் உபரி வேலை. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பெரிய வீட்டுக்காரர்கள் உடைந்த கைப்பிடியைக் கொடுத்தனுப்புவார்கள். விரிசலை ஒட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பீர்கள். "கட்டைய மட்டும் கழட்டிக் கொண்டாங்க, துப்பாக்கி என் வாசப்படி ஏறக் கூடாது" என்று கறாராக இருந்த மனுஷன், கொட்டாம்பட்டிப் பெரியவருக்கு மட்டும் ஏன் இளகினீர்கள்? வாதம் வந்து அவருக்கு விரல் சரியாக மடங்கவில்லை. அந்தக் கைக்குத் தகுந்தாற்போல் பிடியைப் பருமனாக்க வேண்டும், அதைத் துப்பாக்கியில் பொருத்திப் பொருத்திப் பார்த்துத்தான் செய்ய முடியும். மஞ்சள் பையோடு கைத்துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனார். மறுவாரம் வருகிறேன் என்றவர் அதற்குள் இறந்துபோனார்.

அப்புறம்தான் நாம் மாட்டிக்கொண்டோம். அவருடைய மகன்கள் இருவருக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. அரிவாளைத் தூக்கும் வரைக்கும் போயிருந்தது. குண்டுகள் அவர்கள் வீட்டில், துப்பாக்கி நம் வீட்டில். முதலில் மூத்தவன் வந்தான். "அண்ணே, அப்பா பொருளு. எங்கிட்டத்தான் குடுக்கணும்." அவன் போனதும் இளையவன் வந்தான். "அவன்கிட்டக் குடுத்தீங்க, எம் பொண்டாட்டி தாலிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." யாரிடம் கொடுத்தாலும் மற்றவன் உயிர் நிச்சயமில்லை. போலீசில் ஒப்படைக்கப் போனால், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்ததற்கு உங்களைத்தான் உள்ளே தள்ளுவார்கள். எமர்ஜென்சி முடிந்த சமயம் வேறு. காக்கிச்சட்டையைப் பார்த்தாலே தெரு அடங்கிவிடும்.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. "வேல முடியல தம்பி" என்று இருவரிடமும் சொல்லிவிட்டீர்கள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று வேலையை முடிக்கவே இல்லை. பிடி அழகாக உருவாகி வரும். கடைசித் தேய்ப்புக்கு முன்னால் ஒரு குறையைக் கண்டுபிடித்து, பிடியையே அடுப்பில் போட்டுவிட்டு வேறு கட்டையை எடுப்பீர்கள். இப்படி ஒரு சத்தியவான் எனக்கா வாய்க்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

துப்பாக்கி உளுந்து டின்னுக்குள் கிடந்தது. அதில் கைவிடப் பயந்து நான் இட்லிக்குப் போடுவதையே நிறுத்தினேன். கேட்டவர்களிடம் ஆட்டுக்கல் கொத்த ஆள் வரவில்லை என்றேன். நம் வீட்டில் பொய் சொல்லும் வேலை என்னுடையது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போக முடியாது. டி. கல்லுப்பட்டியில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது. "நீ மட்டும் போயிட்டு வா" என்றீர்கள். உங்களை அந்த டின்னோடு தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவேன்? ஜன்னலைக்கூடத் திறக்காமல் அந்த வெக்கையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் நீங்கள் அரத்தை நிறுத்துவீர்கள், நான் போய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். தங்கச்சி ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

ஈட்டிக் கட்டைகள் தீர்ந்துபோயின. என் அப்பா சீராகக் கொடுத்த ஈட்டி முக்காலியை ஒரு நாள் கவிழ்த்துப் போட்டு ரம்பத்தை எடுத்தீர்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அடுத்து எத அறுப்பீங்க? என்னையவா?"

ரம்பத்தை வைத்துவிட்டீர்கள். கை கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, டின்னிலிருந்த துப்பாக்கியை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டீர்கள். "ஸ்டேஷனுக்குப் போறேன். இனிமே கதவச் சாத்த வேணாம்" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள்.

அங்கே அடித்தார்களா என்று கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. மில் வேலை போனது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கோர்ட் வராந்தாவில் அந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிணற்று வழக்கில் வாய்தா, உங்களுக்குத் துப்பாக்கி வழக்கில் வாய்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்களோ அவர்களுக்கும் சேர்த்து டீ சொல்வீர்கள்! "இம்புட்டுப் பட்டும் புத்தி வரலையா?" என்று கேட்டால், "ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்கல்ல, பாரு" என்பீர்கள். அந்த டீயை நான் தொட்டதில்லை.

நீங்கள் போன அன்று இருவரும் வந்திருந்தார்கள். இன்னமும் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. பாடை தூக்கும்போது அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் தோள் கொடுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவருக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது. அதுவரை கல்லாட்டம் இருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

போன வேலைக்கும், அடைத்துக் கிடந்த நாட்களுக்கும் உங்கள்மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு. அதை நினைத்து நான் உட்காரும்போதெல்லாம் அந்த இரண்டு நரைத்த தலைகளும் முன்னால் வந்து நிற்கின்றன. நிம்மதியாகக் கோபப்படக்கூட என்னை விடமாட்டேன் என்கிறீர்களே.