ஐந்து சிக்மாவுக்குக் கொஞ்சம் கீழே

மார்ச் 4

பெட்டி இன்னும் மூடியே இருக்கிறது. நிஜப் பெட்டி இல்லை. நாங்கள் தேடுவது எந்தத் தரவில் இருக்குமோ, அதைக் கணக்கு முடியும்வரை பார்ப்பதில்லை என்று நாங்களே போட்டுக்கொண்ட பூட்டு. முன்கூட்டியே பார்த்துவிட்டால் கணக்கு நம் ஆசைக்கு வளைந்துவிடும்.

தேடுவது: புரோட்டான்கள் மோதும்போது ஒரே மோதலில் மூன்று டபிள்யூ போசான்கள், கணத்தில் சிதைந்துவிடும் நுண்துகள்கள். ஆயிரம் லட்சம் கோடி மோதலில் ஐந்தாறு. நான்கு வருடமாகத் தேடுகிறேன்.

மார்ச் 11

திறந்தோம். 5.3 சிக்மா. கிடைத்தது வெறும் தற்செயல் இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கான அளவு அது. ஐந்தைத் தாண்டினால் "கண்டறிந்தோம்" என்று சொல்லலாம். தாண்டாவிட்டால் "ஆதாரம் இருக்கிறது" என்று மட்டும். எங்கள் குழுத் தலைவரான பேராசிரியர் என் கையை இரண்டு முறை குலுக்கினார். மற்றவர்களுக்கு ஒரு முறைதான், கவனித்தேன். 28ஆம் தேதி மாநாட்டில் அவர் அறிவிக்கிறார். இதையே தேடும் போட்டிக் குழு இன்னும் தங்கள் பெட்டியைத் திறக்கவில்லையாம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் பல் மருத்துவர். "மூணு கிடைச்சுதா?" என்றார்.

"மூணு மூணா, ஒரு இருநூறு தடவை."

"அப்ப அறுநூறா?"

சரி என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 12

துணி துவைத்தேன்.

மார்ச் 19

அறிக்கை எழுதும்போது ஓர் அட்டவணை உறுத்தியது. போசான் சிதைந்து வரும் எலெக்ட்ரானை வைத்துத்தான் அதை அடையாளம் காண்கிறோம்; எலெக்ட்ரான் மாதிரி வேஷம் போடும் போலிகள் எத்தனை என்று மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். அதற்கு எடுத்த தரவுப் பட்டியலில் ஒரு கோடைக்காலமே இல்லை. மூன்று மாதம். போலிகளைக் குறைவாகக் கழித்தால் அசல் கூடத்தான் செய்யும்.

பட்டியல் போட்டது யார்? நான். வேறு யாராவது என்றால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 20

விட்டதைச் சேர்த்து ஓட்டினேன். 4.4. மறுபடி ஓட்டினேன். 4.4. மூன்றாம் முறை ஓட்டியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. 4.4.

யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. என் பணி ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இப்ப என்ன பண்றது? அந்தப் பாழாப்போன பட்டியலை யாரு திரும்பப் பாக்கச் சொன்னா —

சாப்பிடும்போது இவரிடம், தப்பான பல்லைப் பிடுங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஒரு தடவை."

"என்ன பண்ணீங்க?"

"சொல்லிட்டேன். நாக்கால தடவிப் பாத்தா அவருக்கே தெரிஞ்சிடுமே."

"தெரியவே தெரியாதுன்னா?"

தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நீ எந்தப் பல்லைப் பிடுங்கின?"

மார்ச் 21

பேராசிரியரின் அறைக்குப் போனேன். "சார், 5.3 இல்ல. 4.4. தப்பு என்னுது." அட்டவணையை நீட்டினேன். படித்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்குப் புரியல."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வண்டி நிறுத்துமிடம்தான், பார்க்க ஒன்றுமில்லை.

"ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதாம்மா?"

"அப்ப நீங்க அறிவிச்சு முடிச்சிருப்பீங்க சார்."

"அதான் சொல்றேன்."

பிறகு போனை எடுத்து, இரண்டு மணிக்கு எல்லாரையும் வரச் சொன்னார். என்னிடம், "நீயே சொல்லிடு. பட்டியல் நீ போட்டதுன்னு மட்டும் சொல்ல வேண்டாம்."

சொன்னேன். இரண்டையும்.

மார்ச் 28

"ஆதாரம் இருக்கிறது" என்று மேடையில் அறிவித்தார். கைதட்டல் மரியாதைக்கு.

ஜூன் 2

ஒப்பந்தம் ஓராண்டு நீட்டிப்பு. மூன்று கேட்டிருந்தேன். காரணம் எழுதவில்லை.

அக்டோபர் 9

போட்டிக் குழு பெட்டியைத் திறந்துவிட்டது. 5.6. கண்டறிந்தவர்கள் அவர்கள்தான், இனி எல்லாப் புத்தகத்திலும். அரங்கில் பேராசிரியர் என் பக்கத்து நாற்காலி. கடைசியாக ஒரு படம் காட்டினார்கள்: அவர்கள் அளந்தது ஒரு புள்ளி, நாங்கள் அளந்தது ஒரு புள்ளி, அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று. பழைய கணக்கை அப்படியே விட்டிருந்தால் எங்கள் புள்ளி ஓரத்தில் தனியாக நின்றிருக்கும்.

"ரெண்டும் ஒத்துப்போகுது" என்றார் மேடையில் இருந்தவர்.

கைதட்டினேன். பேராசிரியரும் தட்டினார். கொஞ்சம் பிந்தித்தான் ஆரம்பித்தார், ஆனால் நான் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.