தாழ் போட்டுக்கொண்டு எடுக்கும் மருந்து

ஜூன் 9, திங்கள்

இன்றும் ஒரு பள்ளி. காலையில் ஆசிரியர்களுக்கு ஆஸ்துமா பயிற்சி, மதியம் பெற்றோருக்கு. ப்ரொஜெக்டர் மக்கர் செய்ததால் எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லி முடித்தேன். "இன்ஹேலர் எடுத்தா பழக்கமாயிடுமா மேடம்?" "பொண்ணுக்கு வீசிங்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிக்குவா?" அதே கேள்விகள், அதே பதில்கள். மூச்சைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கே மூச்சு வாங்குகிறது.

வீட்டுக்கு வந்தால் பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் முழு வேகத்தில். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே 'புஸ்' என்று ஒன்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வருவார். இன்றும் அப்படித்தான் வந்தார்.

சுவாச நோய்ப் பிரிவில் நர்ஸ் நான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் இன்ஹேலர் எடுத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூன் 12, வியாழன்

அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சி இவர் பள்ளியில். இவர் அங்கே கணக்கு வாத்தியார். சாப்பிடும்போது சொன்னேன். தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

"வேற யாரு இருக்கா? நான் ஒருத்திதான்."

"அப்ப வா. ஆனா என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. பசங்க ஏற்கெனவே கல்லுளிமங்கன்னு பேர் வெச்சிருக்கானுங்க. இதுவும் தெரிஞ்சா பிரஷர் குக்கர்னு வெப்பானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. கல்லுளிமங்கன்! பசங்களுக்கு ஆளைச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பரண் மேலே தூசி தட்டினேன் – என் புத்தியைச் சொல்ல வேண்டும். இவருக்கு இழுப்பு வந்துவிட்டது. நேராக பாத்ரூம், தாழ், குழாய். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"என்னங்க, தாழாவது போடாம இருங்களேன்."

"பாத்ரூம்ல எவன் தாழ் போடாம இருப்பான்?"

எனக்கு இருப்பது ஒரே பயம்தான். ஒரு நாள் தாழைப் போட்டுக்கொண்டு உள்ளேயே விழுந்துவிட்டால்? வீட்டில் என்றால் நான் வெளியே நிற்கிறேன். பள்ளியில் யார் நிற்பார்கள்? யாருக்குமே தெரியாதே.

ஜூன் 17, செவ்வாய்

முடிந்தது. இவர் கடைசி வரிசையில் பேப்பர் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயிற்சிக்குக் கொண்டுபோன மருந்தில்லாத இன்ஹேலர் கைக்குக் கை மாறி அவரிடம் வந்ததும், சூடு பட்டதுபோல் பக்கத்தில் தள்ளிவிட்டார். ட்ராயிங் மிஸ் மட்டும் மூன்று தடவை வாங்கி வாங்கிப் பழகிப் பார்த்தாள்.

படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், இன்ஹேலரை அலமாரியில் பூட்டாதீர்கள் – வழக்கமானதெல்லாம் சொன்னேன். மருந்து வாயிலேயே நிற்காமல் மூச்சோடு உள்ளே போவதற்காக இன்ஹேலர் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாய் ஒன்றையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கொடுத்தேன். கடைசியில் என்னை அறியாமல் வந்துவிட்டது: "மூச்சு முட்டறவங்க வெட்கப்பட்டுக்கிட்டு எழுந்து தனியாப் போவாங்க. விடாதீங்க. குழந்தைன்னாலும் சரி, பெரியவங்கன்னாலும் சரி, கூடவே போங்க. கதவைச் சாத்த விடாதீங்க."

அப்போது கடைசி வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

ஜூன் 18, புதன்

பேசவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் பேசவில்லை. நடுவில் பெண் தூது. "அம்மா, அப்பா உப்பு கேக்கறாங்க." உப்பு அவர் கைக்கு எதிரிலேயே இருந்தது. எனக்கும் அலுத்துவிட்டது. எத்தனை நாள்தான் ஒரு மனுஷனைத் தாங்குவது?

ஜூன் 24, செவ்வாய்

ட்ராயிங் மிஸ் போன் செய்தபோது நான் வார்டில் இருந்தேன். "பயப்படாதீங்க மேடம், இப்ப சார் நல்லா இருக்காரு" என்றுதான் ஆரம்பித்தாள். எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

ஸ்டாஃப் ரூமுக்கு பெயிண்ட் அடிக்கிறார்களாம். இவர் இருமிக்கொண்டே டாய்லெட் பக்கம் போயிருக்கிறார். அவள் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் காலை வைத்துவிட்டாள்.

"மிஸ், இது ஜென்ட்ஸ் டாய்லெட்."

"இருக்கட்டும் சார். உங்க வீட்டம்மாதான் கூடவே போகச் சொன்னாங்க."

இவர் கதவை அழுத்தித் தள்ளியிருக்கிறார். அவள் செருப்பு வார் அறுந்ததே தவிர, கால் நகரவில்லை. அதற்குள் இவருக்கு நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். "பாக்கெட்ல இருந்து எடுத்து அவரே அடிச்சாரு மேடம், நாலஞ்சு தடவை. அடங்கவே இல்ல. அப்புறம் நீங்க கொடுத்துட்டுப் போன ஸ்பேசரை மாட்டி நான் அடிச்சேன். கொஞ்ச நேரத்துல பேச்சு வந்துடுச்சு. வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? 'எட்டாம் கிளாஸ் பசங்க தனியா இருக்கானுங்க, யாராவது போங்க'ன்னு."

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதவு மட்டும் சாத்தியிருந்தால்? வேண்டாம், எழுதக்கூட வேண்டாம்.

சாயங்காலம் ஒரு வாரம் கழித்து என்னோடு பேசினார். "என் மானம் போச்சு."

"போகட்டும். மூச்சு இருக்கில்ல?"

சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டார். ஆனாலும் அவரே அடித்தபோது ஏன் அடங்கவில்லை? வாடை அவ்வளவு கடுமையா?

ஜூன் 29, ஞாயிறு

ஹாலில் பெண்ணின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். லேசாக இழுப்பு. எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். என்னைப் பார்க்காமல், என் எதிரிலேயே எடுத்துக்கொண்டார்.

ஆட்டவில்லை. மூச்சை வெளியே விடவில்லை. வாயை 'ஆ'வென்று திறந்து, கொசு மருந்து அடிப்பதுபோல் இரண்டு தடவை தொடர்ந்து அடித்தார். அதற்கப்புறம்தான் மூச்சை இழுத்தார். பாதி மருந்து உதட்டோரம் புகையாக வெளியே போயிற்று. மீதியை எச்சிலோடு விழுங்கினார்.

"எப்பவும் இப்படித்தான் எடுப்பீங்களா?"

"ஏன்?"

இத்தனை வருஷமும் மருந்து நாக்கோடு நின்றிருக்கிறது. நான் கதவுக்கு வெளியே 'புஸ்' சத்தத்தைக் கேட்டதும், சரி, எடுத்துக்கொண்டார் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்கிறேன். எத்தனை பள்ளி, எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்!

அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. இவர் பயந்துபோய், "என்னடி? என்ன ஆச்சு?" என்றார்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்து, "முதல்ல ஆட்டணும்ங்க" என்றேன்.

ஆட்டினார்.