‘என் மனைவியே சொன்னாள்’

என் கோபக்காரிக்கு,

இருபது வருடப் பத்திரிகை வேலையில், ஒருவர் சொன்னதை அவரிடமே சரிபார்க்காமல் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. டிவி விவாதங்களுக்கும் போகத் தொடங்கிய ஆறே மாதத்தில், “விலைவாசி குறைஞ்சிடுச்சுன்னு என் மனைவியே சொன்னா” என்று அளந்துவிட்டேன். காய்கறிக் கடையில் விலைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்து டிவியைப் போட்ட நீ, பையைக்கூட இறக்காமல் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். “இதுவும் உங்க வீட்டம்மா சொன்னதா சார்?”

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பால்காரரும் அதை உறுதிப்படுத்தினார். நான் இளைத்துவிட்டதாகவும் இந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேன். எடை மெஷின் மறுத்ததால் நீக்கிவிட்டேன்.

எதிர்வீட்டம்மா, “அவ கோபம் தீர்ந்துடுச்சா?” என்று விசாரித்தார்.

“அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன்.

தீர்ந்ததா?

உன் வீட்டுக்காரன்