பத்து என்று மட்டும் எழுதிய தாள்

அன்புள்ள லோர்னா,

முழங்கால் வலி தேவலையா? இங்கே சுரங்க முகாமில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே.

நீ எழுதிக் கொடுத்த தாளில் இருந்தபடியே பீர் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, நுரைக்கான சிலிண்டரின் வாயு அழுத்தத்தைப் பத்தில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துக் குழாயைத் திறந்து பிடித்தால் நுரையே இல்லை.

"பொண்டாட்டி கைப்பக்குவம்னு பீத்துன? ஆறிப்போன டீ மாதிரில்ல இருக்கு!" என்றான் அறைத்தோழன் டங்கன்.

ரோஷத்தில் இருபத்தைந்துக்குத் திருகிவிட்டேன். பிறகுதான் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று தெரிந்தது. கதவு ரப்பரை மாற்றினேன், அழுத்தத்தைக் குறைக்க மறந்தேன். அடுத்த வாரம் குழாயைத் திறந்ததும் டங்கன் முகமெல்லாம் நுரை.

"பிளேடு குடுடா, அப்படியே ஷேவ் பண்ணிக்கிறேன்!" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். பீர் குளிர்ந்திருந்தால்தான் வாயு அதில் தங்கும். சூடானால் அதே பத்தில் பாதிகூடத் தங்காது போலிருக்கிறது. நீ பத்து என்று எழுதினாய், எத்தனை டிகிரியில் என்று எழுதவில்லை. ஹோபார்ட்டில் நம் வீட்டில் நீ பீர் காய்ச்சும் கொட்டகை எப்போதும் சில்லென்றே கிடப்பதால் உனக்குத் தோன்றியிருக்காது.

இனி ஒவ்வொரு கடிதத்திலும் கொட்டகையில் எத்தனை டிகிரி என்று எழுது. பீருக்காக இல்லை, ஃபிரிட்ஜ்தான் சரியாகிவிட்டதே. நீ எந்தக் குளிரில் தனியாக நிற்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆணியில் தொங்கும் என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

சுரங்கத்துக்குப் போகும் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். இங்கே இன்று நாற்பத்திரண்டு டிகிரி.

உன் மெர்வின்