கோத்தா பாருவின் ஞாயிற்றுக்கிழமை

இன்று மத்தியானம் கிள்ளான் போகும் கம்யூட்டர் ரயிலில் பக்கத்து இருக்கை ஆன்டி கோடாலித் தைலத்தைத் திறந்து நெற்றியில் தேய்த்துக்கொண்டார். வாடை மூக்கில் ஏறியதும் என் கண் உன்னைத்தான் தேடியது. ஷா ஆலம் ஆபீஸின் ஏசி குளிருக்குக் காலை முதல் மாலை வரை அதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "மீட்டிங் ரூமே ஆஸ்பத்திரி மாதிரி நாறுது" என்று திட்டுவேன். இன்று அந்த ஆன்டியிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி நானும் பூசிக்கொண்டேன். சிரிக்காதே.

உன் அம்மாவைப் பார்க்கத்தான் போனேன். ஏன் என்று சொல்கிறேன், கேள். கொஞ்ச நாளாக உன் பெயர் ஆபீஸில் அடிபட்டுக்கொண்டிருந்தது, நல்லவிதமாக இல்லை.

டெங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. நீ கட்டிவைத்த இணைப்பு மென்பொருள் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் மையங்கள் பொருள் கேட்டு அனுப்பும் செய்திகளை வாங்கி, எந்த ஊர்ச் செய்தி எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் ரூட்டிங்தானே அதன் வேலை. திடீரென்று கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாரு மையத்தின் ஆர்டர்கள் மட்டும் சில வாரங்களில் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. மையம் அனுப்பிவிட்டோம் என்றது. கிடங்கு வரவில்லை என்றது. நம் திரையிலோ பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. பொருள் வராததால் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது என்று அங்கிருந்த நர்ஸ் அழாத குறையாகச் சொன்னார்.

"அவ செஞ்ச ரூட்டிங்தானே லா. இப்ப யாருகிட்ட போய்க் கேக்குறது?" என்றார் மேனேஜர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து எது நின்றாலும் நீதான் காரணம். பிரிண்டர் ஓடாவிட்டாலும் உன்னைத்தான் சொல்லியிருப்பார்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பழியை இறக்கிவைப்பது எவ்வளவு வசதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில், 'முன்னாள் ஊழியர் ஒருவரின் தவறு' என்று மையத்துக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் தயாராகிவிட்டது. "ஒரு நாள் குடுங்க பாஸ், பாத்துட்டுச் சொல்றேன்" என்று மல்லுக்கு நின்று வாங்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. தேடிப்போய், தவறு உன்னுடையதாகவே இருந்துவிட்டால்?

நான் மதுரையிலிருந்து வந்த புதிதில், ஒரு செய்தியைத் தொலைத்துவிட்டேன் என்று உன்னிடம் ஓடி வந்தபோது நீ சொன்னாயே: "காணாமல்லாம் போவாதுடி. எங்கயாச்சும் உக்காந்துருக்கும். நீ அது பின்னாலயே போ லா, ஆளுங்க பின்னால போவாதே." அப்படிப் பின்னால் போவதற்காகவே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் குத்தி அனுப்பும் பழக்கத்தை வைத்தாய். தாமதமான ஒரு செய்தியின் எண்ணைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மையத்திலிருந்து ஒழுங்காகப் புறப்பட்டிருந்தது. நம் நுழைவாயிலில் பெற்றுக்கொண்டதற்குப் பதிலும் போயிருந்தது. அடுத்து உன் பகுதி. அங்கே தேடினேன், மறுபடியும் தேடினேன். மறுநாள்தான் உள்ளே வந்திருந்தது. வந்த கையோடு சரியான கிடங்குக்கு அனுப்பியும் வைத்திருந்தாய்.

அப்பாடா! நெஞ்சில் இருந்தது இறங்கியதும் கண் கலங்கிவிட்டது. அழுவதற்கு அது நேரமில்லை என்று மூக்கைச் சிந்திவிட்டு மேற்கொண்டு பார்த்தேன். நுழைவாயிலுக்கும் உனக்கும் நடுவில், சமீபத்தில் வந்த ஒப்பந்தக் குழு, விடுமுறை நாளில் வரும் செய்தியை நிறுத்திவைக்கும் நாள்காட்டிச் சோதனை ஒன்றைப் புதிதாகச் செருகியிருந்தது. அங்கேதான் அந்தச் செய்தி சாவகாசமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. காரணம்: விடுமுறை. கிழமை: ஞாயிறு.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கோத்தா பாரு கிடங்குக்கு ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே! "கிளந்தான்ல இன்னிக்கு லீவுடி! வெள்ளி, சனி லீவு, ஞாயிறு வேலை. மதுரக்காரிக்கு யாரும் சொல்லலயா?" நீ எழுதிய ரூட்டிங் விதியில் கிளந்தானுக்குத் தனி விடுமுறையே வைத்திருந்தாய். புதியவர்கள் கோலாலம்பூரின் ஞாயிற்றுக்கிழமையை நாடு முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அலாமாக்! அவ சரியாத்தான் வச்சிருக்கா" என்று தலையைச் சொறிந்தார். மன்னிப்பு மின்னஞ்சலில் உன்னைப் பற்றிய வரியை என் கண்ணெதிரே அழித்தார். அந்தச் சோதனையை எடுத்துவிட்டோம். போன ஞாயிறு கோத்தா பாரு ஆர்டர் அன்றைக்கே கிடங்குக்குப் போய்விட்டது. இந்த வாரம் யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்று நர்ஸ் சொன்னார்.

இதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா சோறு போட்டு மீன் கறி ஊற்றினார். நான் பெருமையாக ஆரம்பித்தேன். "அம்மா, அவ செஞ்சதுல ஒரு தப்பும் இல்லம்மா."

கரண்டி அப்படியே நின்றது. "தப்புன்னு யாரும்மா சொன்னது?"

நான் அவசரமாகச் சோற்றைப் பிசைந்தேன். "யாரும் சொல்லலம்மா" என்றேன்.

"அப்புறம் என்ன, சாப்பிடு" என்று இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

அந்த மென்பொருளில் பொறுப்பாளர் என்ற இடத்தில் நேற்றுவரை உன் பெயர்தான் இருந்தது. யார் பெயரைப் போடலாம் என்று மேனேஜர் கேட்டார். என் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். இனி உன் வேலையைப் பற்றி யார் என்ன கேட்டாலும், பதில் சொல்ல ஆள் இருக்கிறது.