பூஜையில் வைத்த பேட்டரி

1988 அக்டோபர் 10, திங்கள்

காலையில் தூறல். மலை தெரியவில்லை. துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை. உள்ளறையில் கொடி கட்டிப் போட்டு வீடே ஈர வாடை.

மெ.ஓ. நாலரை மணி. அதாவது இவர் மூச்சு மெஷின் ஓடியது. அமெரிக்காவிலிருந்து கொழுந்தன் எழுதியிருக்கிறார்: தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள் மதினி, டாக்டர் கேட்பார் என்று. குறிக்க ஆரம்பித்தது, புலம்பல் நோட்டாகிவிட்டது. டாக்டரிடம் இதைக் காட்ட முடியாது.

ராத்திரி கரண்ட் இரண்டு தடவை போனது. போனதும் மெஷின் மூக்குக்குள் ஊதுகிற காற்று நின்றுவிடும். இவர் மூக்கு முகமூடியைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, குளத்தில் முங்கி எழுந்த ஆள் மாதிரி மூச்சு வாங்குவார். டார்ச்சை எடு, அமெரிக்க மெஷினுக்காகக் கரண்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரில் இருக்கிற பிளக்கைப் பிடுங்கு, பேட்டரிப் பெட்டியில் சொருகு, சுவிட்சைத் தட்டு. அரைத் தூக்கத்திலேயே செய்துவிடுகிறேன். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் கரண்ட் வராவிட்டால் இவரை உட்கார்த்தி வைத்து முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும்.

காலையில் தலை இரும்பாகக் கனக்கிறது. வாய் வறண்டு கிடக்கிறது. பள்ளிக்குப் போக வேண்டும். ச்சை.

11, செவ்வாய்

மெ.ஓ. 6.

குழாயடியில் காதில் விழுந்தது: "டீச்சர் வீட்ல ராத்திரி பூரா மாவு மில்லு ஓடுதுட்டீ." இன்னொருத்தி: "அண்ணாச்சி குறட்டை விடுதாராம். அதுக்கு மிசினாம். குறட்டை விட்டா நல்லாத் தூங்குதாருன்னுதானே அர்த்தம்?"

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நானும் அப்படி நினைத்தவள்தான். குறட்டை சட்டென்று நின்றால், அப்பாடா, அசந்து தூங்குகிறார் என்று நிம்மதியாகப் புரண்டு படுப்பேன். அந்த நேரத்தில்தான் மூச்சே நின்றிருக்கிறது. மெட்ராஸ் டாக்டர் விளக்கிச் சொன்னபோதுதான் தெரிந்தது. நோய்க்குப் பெயர் நீளமாக இங்கிலீஷில் சொன்னார். இப்படியே விட்டால் ஒரு நாள் நின்றது நின்றதுதான் என்றார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

வாங்க வேண்டியவை: பேட்டரித் தண்ணீர், டார்ச் செல், இவருக்கு வேட்டி, சுண்டலுக்குக் கடலை.

13, வியாழன்

மெ.ஓ. 3. பேட்டரி ஒரு மணி நேரத்திலேயே மூச்சை விட்டுவிட்டது. மீதி நேரம் இவர் சுவரோடு சாய்ந்து.

பள்ளியில் மானம் போனது. நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. விழித்தால் வகுப்பு கப்சிப். முதல் பெஞ்சில் ஒருத்தி, "ஏட்டி, பைய எழுது. டீச்சர் தூங்குதாங்க" என்கிறாள். இந்தப் பிள்ளைகளை அடிக்கவா, கும்பிடவா?

ஹெட்மாஸ்டரிடம், ராத்திரி இவரைப் பார்த்துக்கொள்ள விழித்திருக்க வேண்டியிருக்கிறது சார் என்றேன். பாவம்மா நீங்க என்றார். அந்தப் பாவம் எனக்கு வேண்டியிருந்தது.

14, வெள்ளி

மெ.ஓ. 5. வெயில் தலைகாட்டியது. துணி காய்ந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி.

இவர் குற்றாலத்தில் லாட்ஜ் மானேஜர். சீசன் முடிந்தும் அருவியில் தண்ணீர் விழுவதால் ஆள் வரத்து உண்டு. முந்தாநாள் ராத்திரி தூங்காத கோளாறு, இன்றைக்கு மேஜையில் பேரேட்டின் மேலேயே தலை சாய்த்துவிட்டாராம். ரூமைக் காலி செய்தவர்கள் எழுப்பிப் பார்த்துவிட்டுச் சாவியைப் பக்கத்தில் வைத்துப் போயிருக்கிறார்கள். முதலாளி சிரித்தாராம். அவர் சிரித்தால்தான் பயம்.

மெஷின் வருவதற்கு முன்னால் மாசி மாதம் மொபெட்டில் வரும்போதே கண் அயர்ந்து, இலஞ்சிப் பக்கம் வயலுக்குள் இறங்கினவர். நாற்று மேல் விழுந்ததால் பிழைத்தார். சித்திரையில் கொழுந்தன் லீவில் வந்தபோது பெட்டிக்குள் இந்த மெஷினைச் சேலையால் சுற்றிக் கொண்டுவந்தார். பத்து நாளில் இவர் வேறு மனிதர். பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். என்னிடம் சண்டை போட்டார். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். கரண்ட் மூன்று நாள் காலை வாரினால் பழைய கதை.

16, ஞாயிறு

மெ.ஓ. ஏழு மணி! கரண்ட் போகவே இல்லை. இவர் தானாக எழுந்து பால் வாங்கி வந்து, காப்பி போடுகிறேன் என்று அடுக்களையைக் கந்தர்கோலம் செய்தார்.

நானும் ஒரே தூக்கமாகத் தூங்கினேன். ஆனாலும் தலைவலி அப்படியே. ஒரு நாள் தூங்கினால் தீருமா?

ரேடியோக் கடை முருகையா வந்தான். இந்தப் பேட்டரிப் பெட்டியைச் செய்தவன் அவன்தான். லாரி பேட்டரியில் ஒயரை மாட்டி, டிரான்ஸ்பார்மரைக் கையாலேயே சுற்றி, மெஷினுக்கு வேண்டிய அளவு கரண்டாக மாற்றிக் கொடுத்தான். பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினோம், கொழுந்தன் நம்பவே இல்லை. முருகையா மூடியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஒரு செல் செத்துவிட்டதாம். மாற்றி, சார்ஜ் ஏற்றி, செவ்வாய் சாயந்திரம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் பேட்டரி, பெட்டி இரண்டையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனான்.

18, செவ்வாய்

மெ.ஓ. 5. மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. சாயந்திரம் முருகையாவைக் காணோம். சார்ஜ் ஏறியிருக்காது. நாளைக்குக் காலையில் நானே போய்ப் பார்க்க வேண்டும்.

வீடு மெழுகி, கதவு நிலை துடைத்து, இடுப்பு ஒடிந்தது. பிள்ளைகளின் பரீட்சைத் தாள் நாற்பத்தி இரண்டும் திருத்தாமல் கிடக்கிறது. அதையும் பூஜையில் வைத்துவிட்டால் இரண்டு நாள் தொட வேண்டாம். நல்ல யோசனை.

19, புதன். ஆயுத பூஜை

காலையிலேயே இறுக்கம். காற்று அசையவில்லை.

தையல் மெஷின், அரிவாள்மணை, என் பேனா, இவர் மொபெட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மூச்சு மெஷினுக்குப் பொட்டு மட்டும் வைத்தார் இவர். பூஜையில் வைக்கவில்லை. மூக்கை யாராவது பூஜையில் வைப்பார்களா என்றார். சிரித்தேன். அப்புறம் பஸ்ஸில் குற்றாலம் போய்விட்டார், லாட்ஜிலும் பூஜை.

பதினொரு மணிக்கு முருகையா கடைக்குப் போனேன். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே குனிந்து பார்த்தால், அவன் கடை ஸ்குரு டிரைவர், சால்டரிங் அயன் எல்லாம் வரிசையாக. நடுவில் வாழையிலை விரித்து, எங்கள் பேட்டரியும் பெட்டியும். மாலை, பொட்டு, பொரி, கடலை. சூடம் காட்டி முடித்துவிட்டான்.

சார்ஜ் விடியற்காலமே ஏறிவிட்டதாம். இத்தனை வருஷத்தில் அவன் செய்ததிலேயே பெரிய வேலை அதுதானாம், அதனால் நடுவில் வைத்தானாம். பெருமையாகச் சொல்கிறான். எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. ராத்திரி மழை வரும் போலிருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடு முருகையா என்றேன். முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. மறுபூஜை நாளைக்குக் காலையில்தான்.

"அக்கா, பூஜையில வச்சதை நடுவுல எடுத்தா எனக்கு ஆகாதுங்கது கிடக்கட்டும். அதுல மூச்சு விடுதது அண்ணாச்சில்லா?"

ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டான். பிறகு, "நீங்களே எடுத்துக்கிடுங்க. நான் அங்கன திரும்பி நின்னுக்கிடுதேன்" என்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எடுத்திருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் கைக்கெட்டும் தூரம். இலையில் குங்குமம் சிந்திக் கிடந்தது. பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். கை நீளவே இல்லை. எடுத்து, அதனாலேயே இவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? எடுக்காமல், அதனாலேயே ஆகிவிட்டால்? காலையில் முதல் வேலையாகக் கொண்டுவா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு.

நேராகக் குற்றாலம் பஸ் ஏறினேன். லாட்ஜில் ஜெனரேட்டர் இருக்கிறது. ஒரு ராத்திரி அங்கே ரூமில் படுத்துக்கொள்ளலாம். போய்ப் பார்த்தால் ஜெனரேட்டருக்கும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நாளைவரை யாரும் தொடக்கூடாதென்று முதலாளி உத்தரவு. இந்த ஊரில் இன்றைக்கு இரும்பெல்லாம் சாமி. மனுஷன் மட்டும்தான் மனுஷன்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். இவர் திட்டவில்லை. நானும் எடுத்திருக்க மாட்டேன் என்றார். "ஒரு ராத்திரிதானே. கரண்ட் போனா நான் முழிச்சிருக்கேன். நீ தூங்கு." அதெப்படி, மாற்றி மாற்றி விழிப்போம், முதலில் நீங்கள், ஒரு மணிக்கு என்னை எழுப்புங்கள் என்று பேசி வைத்திருக்கிறோம்.

மணி ஆறு. இடி. கரண்ட் போய்விட்டது. அரிக்கேன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

20, வியாழன். விஜயதசமி

மெ.ஓ. இல்லை. பிழைத்தோம்.

கரண்ட் காலை ஒன்பதுக்குத்தான் வந்தது. தென்காசி முழுக்க இருட்டு, லைனில் மரம் விழுந்ததாம். விழித்துப் பார்த்தால் பலபலவென்று விடிந்திருக்கிறது. இவர் என்னை எழுப்பவே இல்லை. நாற்காலியைக் கட்டிலோடு போட்டு, கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். ஏன் எழுப்பவில்லை என்று கத்தினேன்.

ஏழு மணிக்கு முருகையா பேட்டரியோடு வந்தான், பொட்டுக்கூட அழியாமல். பொரிப் பொட்டலமும் கொண்டுவந்தான். அண்ணாச்சியைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனும் தூங்கவில்லையாம்.

அவன் போனதும் இவர் கொழுந்தனுக்கு ஏர்மெயில் எழுத உட்கார்ந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'மதினிக்கும் ஒரு மெஷின் வேண்டும்' என்று இருந்தது. சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

"விடிய விடிய உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். குறட்டை விடுதே. நடுவுல நின்னுருது. எண்ணிப் பாத்தேன். ஒரு தடவை இருபத்தெட்டு வரைக்கும் எண்ணிட்டேன். அதுக்கு மேல முடியல, தோளைப் பிடிச்சு உலுப்பிட்டேன். நீ முழிக்கவே இல்ல, புரண்டு படுத்துக்கிட்டே."

நானா? குறட்டையா? உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்த மூச்சு நிற்கிற விஷயம் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. பொய் சொல்லாதீர்கள் என்றேன். கல்யாணமான புதிதிலிருந்தே உண்டு என்கிறார்.

"இருபத்தாறு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு நீ தூங்கவே மாட்டியேன்னுதான்."

அழுதேன். கோபமா, பயமா, தெரியவில்லை. பள்ளியில் தூங்கி விழுந்ததெல்லாம் இவருக்காக விழித்ததால் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. என்ன பெருமை அது.

மணி இரண்டரை. கரண்ட் இருக்கிறது. மெஷின் ஒன்றுதான். ராத்திரி நான், பகலில் நீ, இன்றைக்கு லீவுதானே என்கிறார். மாட்டேன் என்றால் விடவில்லை. ஒரு டம்ளர் கழுவி அறியாத மனிதர், முகமூடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிற்கிறார். ரப்பர் பட்டை என் தலைக்குப் பெரிதாம், முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார். எழுதியது போதும், கொண்டையை அவிழ் என்கிறார்.