கதவருகே நின்ற செனட்டர்

பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் கார்பன் தாளின் வாசனைதான் முதலில் வந்தது. நீங்கள் போய் ஆறு வருடமாகியும் அது போகவில்லை. உங்கள் கிறுக்கலைப் பார்த்து நான் படி எடுத்த முந்நூறு பக்கங்கள். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் அடி வாங்கிக் கற்ற கையெழுத்து. அதில் எனக்கு இன்றும் கர்வம்தான்.

உங்களோடு வரலாற்றுத் துறையில் இருந்தவர் அதை அச்சிடப் போகிறார். முன்னுரை நான் எழுத வேண்டுமாம். "கடைசி அத்தியாயம் பாதியில நிக்குதுங்க மேடம். சாருக்கு உடம்பு முடியலன்னு ஒரு வரி போட்டுடுங்க, போதும்" என்றார். அந்த அத்தியாயம் நின்ற நாட்களில் நீங்கள் தினமும் கல்லூரிக்கு சைக்கிள் மிதித்துப் போனீர்கள். அவருக்கும் அது தெரியும்.

நீங்கள் புத்தகம் எழுதிய அந்த அமெரிக்க செனட்டரை எனக்குப் பிடித்ததே இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில், சொந்தக் கட்சி ஜனாதிபதியின் இறக்குமதி வரி மசோதாவை எதிர்த்தவர். அதுவரை அவர் கைகாட்டியவர்களே அவர் மாநிலத்தில் போஸ்ட்மாஸ்டர் ஆனார்கள். எதிர்த்த பிறகு அவர் கொடுத்த ஒரு பெயரும் எடுபடவில்லை.

"பாத்தியா கான்வென்ட், தபாலாபீஸ வெச்சே ஒரு மனுஷன மடக்கறாங்க!" என்னை அப்படித்தான் கூப்பிடுவீர்கள்; காபியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பீர்கள்.

"அவர் பெண்டாட்டி என்ன சொன்னாங்களாம்?"

"அது எந்த ரெக்கார்டுலயும் இல்லம்மா."

நீங்கள் கடைசி அத்தியாயத்தில் இருந்த வருடம்தான் கல்லூரி நிர்வாகம் நூலகரை வேலையிலிருந்து நீக்கியது; முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. கூட்டத்தில் கேள்வி கேட்டார் என்பதே குற்றம். அவருக்காக ஏழு பேர் மனு எழுதினீர்கள். முதல் கையெழுத்து உங்களுடையது. அதே கல்லூரியில் நம் மகளுக்கு ஆங்கிலத் துறையில் வேலை வருவதாக இருந்தது. கல்லூரிச் செயலாளரின் மனைவி கோயிலில் என்னை நிறுத்தி, "பொண்ணோட ஆர்டர் ரெடியாதான் இருக்கு. சார்தான் கொஞ்சம் யோசிக்கணும்" என்றாள்.

யோசிக்க நான் உங்களை விடவில்லை. "போய் பேரை அடிச்சுட்டு வாங்க. செனட்டர் வீரமெல்லாம் பேப்பரோட இருக்கட்டும்" என்றேன். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். மாலையில் வந்து, "அடிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாள் மற்ற ஆறு பேரும் அடித்தார்கள். புத்தகம் போடுகிறவரும் அவர்களில் ஒருவர்.

மகளுக்கு வேலை கிடைத்தது. நூலகர் பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்தார். வெள்ளைத் தாள் வாங்க நீங்கள் அங்கேதான் போனீர்கள், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாளிலும். ஆனால் ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் எழுதிய கடைசி வரியில், ஜனாதிபதி கூப்பிட்டு அனுப்பிய செனட்டர் அவருடைய அறைக் கதவருகே அப்படியே நின்றார்.

"உள்ள போனாரா இல்லியா?" என்று கேட்டேன்.

"பாக்கணும்" என்றீர்கள். ஆதாரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இன்று பெட்டியின் அடியில், பிரிக்காத அந்தத் தாள்கட்டுகளுக்கு நடுவே உங்கள் குறிப்பு அட்டை இருந்தது. "உள்ளே சென்றார். வாக்கை மாற்ற மறுத்தார்." தெரிந்துகொண்டேதான் அவரை வெளியே நிறுத்தி வைத்திருந்தீர்கள்.

மகளிடம் போனில் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போறேன். எல்லாரும் என்னைத்தானே பாப்பாங்க?" என்றாள். நியாயம்தான்.

கீழ்பென்னாத்தூர்த் தாளில் ஒன்றை எடுத்து முன்னுரையை எழுதினேன். உடம்பு காரணமல்ல என்று தொடங்கி, "மனுவிலிருந்து கையெழுத்தை எடுப்பதென நாங்கள் முடிவு செய்தோம்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: "எடுக்கச் சொன்னவள் நான்."

பக்கத்தின் நடுவில் அந்த அடித்தல் அசிங்கமாகத் தெரிகிறது. வேறு தாளில் படி எடுக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.